புராஸ்டேட் புற்றுநோயும் தடங்காட்டும் மருந்துகளும்

சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல், விருதுநகர் முதலிய ஊர்களில் 'மருந்து' என்னுஞ் சொல்லுக்கு இரு பொருள் உண்டென்பதை நம் மாணவர் பலரும் அறிவர். வைத்தியர் கொடுப்பதும் மருந்து; பட்டாசுக் குழாயிற் செலுத்துவதும் மருந்து. இவ்விரண்டுமல்லாத மூன்றாம் வகை மருந்தொன்றும் உண்டு. அது நோயைத் தீர்ப்பதுமன்று, வெடிப்பதுமன்று. உடலினுட் சென்று, நோய் ஒளிந்திருக்கும் இடத்திற் படிந்து, அவ்விடத்தைக் கதிர் வீசிக் காட்டுவது. அதனைத் தடங்காட்டி என்று கூறுவர். புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் புற்றுநோயைக் கண்டறிதற்கு இத்தகைய தடங்காட்டிகள் பல இந்நாளில் வழங்குகின்றன. அவற்றுள் எது சிறந்தது, எக்காரணத்தாற் சிறந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

புராஸ்டேட் என்பது ஆண்மக்களுக்கு மூத்திரப்பையின் அடியில், மூத்திரக்குழாயைச் சூழ்ந்து, பெரிய நெல்லிக்காயளவினதாய் அமைந்த ஒரு சுரப்பி. முதுமையில் இது பருத்தல் இயல்பு; எல்லாப் பருமனும் புற்றுநோயாகாது. புற்றுநோய் தோன்றினும் தொடக்கத்திற் பெரும்பாலும் யாதொரு நோவும் இராது. நோவு தோன்றியபின்னும், 'வயதானால் வருவதுதானே' என்று கூறியோ, வெட்கத்தினாலோ மறைத்து வைப்பார் நம் ஊர்களிற் பலர். இடைப்பட்ட காலத்தில் நோய் அடிவயிற்று நிணநீர்க் கணுக்களுக்கும், இடுப்பெலும்பு, முதுகெலும்பு ஆகியவற்றிற்கும் பரவிவிடக்கூடும்.

சிகிச்சை முழுவதும் 'நோய் எங்கே உள்ளது?' என்னும் ஒரு கேள்வியைச் சார்ந்து நிற்கின்றது. சுரப்பியினுள்ளேயே அடங்கியிருப்பின் அறுத்தெடுக்கலாம், அல்லது கதிரால் அழிக்கலாம். நோயாளர் முற்றுங் குணமடைய வழியுண்டு. எலும்பிற் பல இடங்களுக்குப் பரவியிருப்பின் அறுவையால் மட்டும் பயனில்லை. பரவாத நோயைப் பரவிற்றெனக் கொண்டால், குணப்படுத்தத் தக்கவர் கைவிடப்படுவர். பரவியதைப் பரவவில்லையெனக் கொண்டால், வீணே ஓர் அறுவையும் அதன் துன்பங்களும் அவர்க்கு நேரும். ஆதலின், படத்தில் தோன்றும் ஒரு புள்ளியின் உண்மையும் பொய்ம்மையும் ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றவல்லன.

விளக்கத்தின் பொருட்டு ஒரு பெரியவரைக் கற்பித்துக்கொள்வோம். சிவகாசியில் அச்சுத் தொழில் செய்து ஓய்ந்த 68 வயதினர் அவர். மூன்றாண்டுகளுக்கு முன் புராஸ்டேட் சுரப்பி அறுத்தெடுக்கப்பெற்றது. பி.எஸ்.ஏ. என்பது அச்சுரப்பியின் அணுக்கள் உண்டாக்கும் ஒரு புரதம். சுரப்பி நீங்கியபின் இரத்தத்தில் அது ஏறக்குறைய இல்லையென்றே ஆதல் வேண்டும். அவருக்கோ இப்பொழுது மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராம் உள்ளது. நோய் எங்கோ மீண்டும் தலையெடுத்துள்ளதென்பது தெளிவு. எங்கே? தடங்காட்டிகள் ஒவ்வொன்றையும் இவரிடத்தே வைத்துச் சோதித்துப் பார்ப்போம்.

தடங்காட்டியாவது யாது?

கதிரியக்கப் பொருளொன்றைச் சிறிதளவு கலந்து, ஓர் உயிரினுள் அது செல்லும் வழியைப் பின்தொடரலாமென்று காட்டியவர் ஹங்கேரி நாட்டுப் பிறந்த ஜார்ஜ் ஹெவெஷி. 1923-ஆம் ஆண்டில் அவர் கதிர்வீசும் ஈயத்தைச் செடிகளின் வேரில் ஊட்டி, அது தண்டிலும் இலையிலும் ஏறுவதை அளந்தறிந்தார். 1943-ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபெல் பரிசு அவருக்கு உரியதாயிற்று.

தடங்காட்டி ஒவ்வொன்றிலும் இரு பகுதிகள் உண்டு. ஒன்று, உடலில் இன்ன இடத்திற்குச் செல்லென வழிநடத்தும் மூலக்கூறு. மற்றொன்று, அம்மூலக்கூற்றோடு பிணைந்து கதிர்வீசும் அணு. முன்னது விலாசம், பின்னது விளக்கு. இவ்விரண்டையும் வேறு வேறாகப் பிரித்து நோக்கினாலன்றித் தடங்காட்டிகளை ஒப்பிடுதல் இயலாது.

விளக்காகிய அணுவிற்கு அரை ஆயுள் என்பதொன்று உண்டு. இதனைப் பட்டாசுத் திரியோடு ஒப்பிட்டால் வேற்றுமை நன்கு விளங்கும். திரி ஒரே சீராக எரியும். ஒரு விரற்கடை எரிய எவ்வளவு நேரமோ, அடுத்த விரற்கடைக்கும் அவ்வளவே. பின்பு முற்றும் முடிந்துவிடும். கதிரியக்கம் அத்தகையதன்று. ஓர் அரை ஆயுட்காலத்தில் உள்ளதிற் பாதி குறையும்; அடுத்த அரை ஆயுளில் எஞ்சியதிற் பாதி குறையும். கார்பன்-11 என்பதன் அரை ஆயுள் 20 நிமிடம். காலியம்-68 என்பதற்கு 68 நிமிடம். புளூரின்-18 என்பதற்கு 110 நிமிடம். டெக்னீஷியம்-99எம் என்பதற்கு 6 மணி. இவ்வெண்களை மாணவர் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இவற்றுள் முதல் மூன்றும் பாசிட்ரான் என்னும் நேர்மின் துகளை வெளிவிடுவன. அத்துகள் அருகிலுள்ள எலெக்ட்ரானோடு மோதி இரண்டும் அழிய, ஒன்றற்கொன்று எதிர்த்திசையில் இரு காமாக் கதிர்கள் புறப்படும். உடலைச் சூழ்ந்த வளையக்கருவி அவ்விரண்டையும் ஒருங்கே பற்றி, அவை பிறந்த இடத்தைக் கணித்துப் படமாக்கும். இதுவே 'பெட்' எனப்படும் முறை. இதனோடு எக்ஸ்கதிரால் எடுக்கும் சி.டி. படத்தையும் சேர்த்து நோக்குவர்.

எலும்பை நாடும் தடங்காட்டிகள்

பழமையான முறை எலும்புப் படமாகும். இதன் இரசாயனம் நம் பக்கத்து மாணவர்க்கு எளிதில் விளங்கும். வாணவேடிக்கையிற் சிவப்பொளி தருவது ஸ்டிரான்ஷியம் உப்பு. பச்சையொளி தந்துவந்தது பேரியம் உப்பு. பேரியத்தைப் பட்டாசில் இடுதலை உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டில் விலக்கியது. இவ்விரண்டு தனிமங்களும், நம் எலும்பிலுள்ள கால்சியமும், மூலகங்களின் அட்டவணையில் ஒரே தொகுதியைச் சேர்ந்தன. ஆதலின், எலும்பு ஸ்டிரான்ஷியத்தைக் கால்சியமென்றே எண்ணி ஏற்றுக்கொள்ளும். இவ்வியல்பு பற்றியே, எலும்பிற் பரவிய புற்றுநோயின் வலியைத் தணிக்க ஸ்டிரான்ஷியம்-89 கொடுக்கப்படுகின்றது. கல்பாக்கத்து வேக அணு உலையிலும் அஃது இட்ரியத்தினின்று ஆக்கப்பெற்றது.

எலும்பிற்கு மற்றோர் உறுப்பு பாஸ்பேட்டு. தீப்பெட்டியின் உரசு பக்கத்திற் பூசப்படும் சிவப்புப் பாஸ்பரமே வேறு வடிவில் எலும்பின் உரமாய் நிற்கின்றது. 1971-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரத்தில் ஆராய்ந்த கோபால் சுப்பிரமணியன் என்பார், மக்காஃபீ என்பாருடன் சேர்ந்து, டெக்னீஷியத்தைப் பாஸ்பேட்டோடு பிணைத்து எலும்பைப் படமெடுக்கும் வழியை வெளியிட்டார். அவ்வழியினின்று வளர்ந்த தடங்காட்டியே உலகெங்கும் எலும்புப் படத்திற்கு வழங்கி வருகின்றது. விலை குறைவு, சாதாரணக் காமாக் கருவியே போதும்.

இதன் குறை யாதெனின், அது புற்றுநோயைக் காண்பதில்லை. நோயினாற் புண்பட்ட எலும்பு தன்னைப் புதுக்கிக்கொள்ளும் வேலையையே காண்கின்றது. மூட்டை சுமந்து தேய்ந்த முதுகும், விழுந்து முறிந்து ஆறும் விலாவும் அவ்வாறே ஒளிரும். நிணநீர்க் கணுவில் உள்ள நோயோ இதற்குச் சிறிதும் புலப்படாது. சோடியம் புளூரைடு என்னும் வடிவிற் புளூரின்-18 இடும் முறை படத்தை மிகக் கூர்மையாக்கும். எனினும் இக்குறை நீங்காது. நம் அச்சுத்தொழிற் பெரியவருக்குப் பி.எஸ்.ஏ. 0.5 அளவில் எலும்புப் படம் எடுப்பின், பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

உணவைத் தொடரும் தடங்காட்டிகள்

அடுத்த வகையினர் புற்றணுவின் பசியைத் தொடர்ந்தனர். பெரும்பாலான புற்றுநோய்கள் சர்க்கரையை மிகுதியாக உண்பன. ஆதலின் குளூக்கோஸில் புளூரின்-18 இணைத்த எஃப்.டி.ஜி. என்னும் தடங்காட்டி நுரையீரல், நிணநீர் முதலிய புற்றுநோய்களுக்கு மிக ஏற்றதாயிற்று. புராஸ்டேட் புற்றுநோயோ பெரும்பாலும் மெல்ல வளர்வது. சர்க்கரையை மிகுதியாக நாடாதது. அன்றியும் எஃப்.டி.ஜி. சிறுநீரில் வெளியேறி, சுரப்பியின் மேலேயுள்ள மூத்திரப்பையைப் பேரொளியாக்கி அருகிலுள்ள சிறு நோயை மறைக்கும். நோய் முற்றி, வேகங்கொண்டு, தன் இயல்பு மாறிய நிலையில் மட்டும் இஃது உதவும்.

பின்னர், அணுவின் மேற்றோலை ஆக்க வேண்டும் கோலின் என்னும் பொருளைத் தொடர்ந்தனர். கார்பன்-11 இணைத்த கோலினை அமெரிக்க அரசு 2012-இல் ஒப்புக்கொண்டது. 20 நிமிட அரை ஆயுளாதலின், சைக்ளோட்ரான் என்னும் துகள்முடுக்கி உள்ள மருத்துவமனையிலேயே அன்றி வேறெங்கும் இது பயன்படாது. ஒரு மணி நேரத்தில் எட்டிலொரு பங்கே எஞ்சும். அமினோ அமிலத்தை ஒத்த ஃப்ளூசிக்ளோவின் என்பது 2016-இல் ஒப்பம் பெற்றது. புளூரின்-18 தாங்கியதாதலால் இதனை வேற்றூர்க்கும் அனுப்பலாம். சிறுநீரிலும் விரைந்து சேராது. இவை முன்னையவற்றினும் மேலானவையே. எனினும் உயிரணுக்கள் எல்லாமே உண்பனவாதலின், உணவைத் தொடரும் தடங்காட்டி நண்பனையும் பகைவனையும் தெளிவாகப் பிரித்தல் அரிது.

அணுவின் அடையாளத்தைப் பற்றும் தடங்காட்டி

புராஸ்டேட் புற்றணுக்களின் மேற்றோலில் பி.எஸ்.எம்.ஏ. என்னும் ஒரு புரதம் மிகுதியாகப் பதிந்துள்ளது. இதனைப் பற்றும் முதல் முயற்சி ஓர் எதிர்ப்புரதத்தாற் செய்யப்பட்டது. இண்டியம்-111 தாங்கிய அத்தடங்காட்டி 1996-இல் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தது. ஆயின் அவ்வெதிர்ப்புரதம் பற்றிய பகுதி, பி.எஸ்.எம்.ஏ.யின் அணுவினுட்புறத்தே இருந்தது. உயிருள்ள அணுவினுள் அது புகமாட்டாமையால், செத்துச் சிதைந்த அணுக்களையே பெரும்பாலும் காட்டிற்று. பூட்டிய வீட்டின் உட்தாழ்ப்பாளைத் தெருவில் நின்று தேடியது போலாயிற்று.

அடுத்து வந்தோர் அணுவின் வெளிப்புறத்தே நிற்கும் பகுதியை நோக்கினர். பி.எஸ்.எம்.ஏ. ஒரு நொதியுமாகும். அதன் வாயிற் சென்று பொருந்துமாறு, குளூட்டாமிக் அமிலத்தை நடுவே யூரியா அமைப்பால் மற்றோர் அமினோ அமிலத்தோடு இணைத்த சிறு மூலக்கூறுகள் ஆக்கப்பெற்றன. வயலுக்கிடும் யூரியாவின் அமைப்பே இங்கே சாவியின் நடுத்தண்டாய் நிற்றல் வியப்பன்றோ! ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரத்தார் இவ்வகை மூலக்கூற்றில் காலியம்-68 பிணைத்து ஆக்கிய பி.எஸ்.எம்.ஏ.-11 என்பது 2012-இல் வெளியாயிற்று. 2020 டிசம்பரில் அமெரிக்க அரசின் ஒப்பம் பெற்றது. புளூரின்-18 தாங்கிய டி.சி.எஃப்.பைல் 2021-இல் ஒப்பம் பெற்றது.

இவற்றின் மேன்மையை இரு சோதனைகள் காட்டுகின்றன. ஆஸ்திரேலியாவில் 10 மருத்துவமனைகளில், தீவிர நோயுடைய 302 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட சோதனையில், எலும்புப் படமும் சி.டி.யும் சேர்ந்து 65 விழுக்காடு துல்லியமாய் இருக்க, காலியம் பி.எஸ்.எம்.ஏ. பெட் 92 விழுக்காடு துல்லியமாயிற்று. உடல் ஏற்ற கதிரளவும் 19.2 மில்லி சீவர்ட்டிலிருந்து 8.4 ஆகக் குறைந்தது. மற்றொன்று நம் பெரியவரின் நிலைக்கு நேராக உரியது. அறுவைக்குப்பின் பி.எஸ்.ஏ. 0.2 முதல் 2.0 வரை ஏறிய 50 பேருக்கு இரு தடங்காட்டிகளையும் தனித்தனியே இட்டுப் பார்த்து, 2019-இல் வெளியிட்டனர். ஃப்ளூசிக்ளோவின் 13 பேரிடம் நோயிடத்தைக் காட்டிற்று, பி.எஸ்.எம்.ஏ.-11 காட்டியது 28 பேரிடம்.

இதிற் கற்கவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. சிறந்த தடங்காட்டியும் 50 பேரில் 22 பேரிடம் ஒன்றுங் காட்டவில்லை. படத்தில் ஒன்றும் இல்லையெனின் நோயே இல்லையென்பது பொருளன்று. நோய் கண்ணுக்கெட்டாத சிறுமையில் உள்ளதென்பதே பொருள். பி.எஸ்.ஏ. தாழ்ந்திருக்கும்பொழுதே கதிர்ச்சிகிச்சை செய்தல் பயன் மிகுதியும் தருமாதலின், படத்தில் தெரியும்வரை காத்திருந்து காலத்தை இழத்தல் தகாது.

காலியமா, புளூரினா?

விலாசம் ஒன்றாயினும் விளக்கு வேறுபடும். காலியம்-68 வெளிவிடும் பாசிட்ரான் வேகம் மிக்கது. மோதி அழியுமுன் சில மில்லிமீட்டர் ஓடும். படம் சிறிது மங்கும். புளூரினின் பாசிட்ரான் குறுந்தூரமே ஓடும்; படம் கூரியது. இவ்வொன்றை மட்டும் நோக்கின் புளூரினே வெல்லும்.

ஆயின் பி.எஸ்.எம்.ஏ.-1007 என்னும் புளூரின் தடங்காட்டியை நோக்குக. அது கல்லீரல் வழியாகவே பெரிதும் வெளியேறும்; ஆகவே மூத்திரப்பையருகே மறைப்பில்லை. இது பெரும் நன்மை. அதற்கு ஈடாக, நோயில்லாத எலும்பிலும், சிறப்பாக விலாவில், பொய்ப்புள்ளிகளைத் தோற்றுவிக்கும். மியூனிக் நகரத்தில் அதனை இட்ட 102 பேரையும், காலியம் இட்ட 102 பேரையும் ஒப்பிட்டு 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நோயல்லாத காரணத்தால் ஒளிர்ந்த இடங்கள் முன்னவரிடம் 245, பின்னவரிடம் 52 எனக் கண்டனர். நம் பெரியவரின் விலாவில் ஒரு புள்ளி தோன்றினால், அஃது எத்தடங்காட்டியால் தோன்றியதென்பதை அறியாமல் 'எலும்பிற் பரவிவிட்டது' என்று தீர்ப்பளித்தல் பெரும் அநீதியாகும்.

மேலும், 'புராஸ்டேட்டுக்கே உரியது' என்னும் பொருள்படப் பி.எஸ்.எம்.ஏ. பெயர் பெற்றதேனும், பெயர் முற்றும் பொருந்தாது. உமிழ்நீர்ச் சுரப்பி, சிறுநீரகம், சிறுகுடல் ஆகியவற்றிலும் அது விளங்கும். ஆறும் முறிவிலும் தோன்றும். நரம்பு முடிச்சுக்கள் நிணநீர்க் கணுவைப்போல் ஒளிர்ந்து மயக்கும். அப்புரதம் இல்லாத புராஸ்டேட் புற்றுநோயும் சிறுபான்மை உண்டு. அங்கே பழைய எஃப்.டி.ஜி.யே உதவிக்கு வரும்.

இடமும் காலமும்

இனித் தூரக்கணக்கு ஒன்று பார்ப்போம். சென்னையில் ஆக்கிய புளூரின் தடங்காட்டி சுமார் 500 கிலோமீட்டர் சாலையில் 9 மணி நேரத்தில் விருதுநகர் சேர்வதாகக் கொள்வோம். 540 நிமிடம் ஏறக்குறைய ஐந்து அரை ஆயுளாகும். புறப்பட்டதில் முப்பதிலொரு பங்கே எஞ்சும். மதுரையில் ஆக்கி ஒன்றரை மணியிற் கொணர்ந்தால் பாதிக்குச் சற்று மேலாகவே எஞ்சும். புளூரினுக்குச் சைக்ளோட்ரானின் அண்மையே உயிர்.

காலியத்திற்கோ சைக்ளோட்ரான் வேண்டுவதில்லை. 271 நாள் அரை ஆயுளுடைய ஜெர்மானியம்-68 அடங்கிய ஒரு சிறு கலத்தை மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டு, பசுவைக் கறப்பதுபோல், சில மணிக்கொருமுறை காலியத்தைக் கறந்துகொள்ளலாம். ஆயின் ஒருமுறை கறப்பது சிலருக்கே போதும். கலத்தின் விலையும் மிகுதி. பெட் கருவி இல்லாத இடங்களில், டெக்னீஷியத்தோடு பி.எஸ்.எம்.ஏ. மூலக்கூற்றைப் பிணைத்து, காமாக் கருவியாலேயே படமெடுக்கும் முறையும் ஆராயப்பட்டு வருகின்றது. கூர்மை குறைவாயினும், எளியோர்க்கு எட்டுவதென்னும் சிறப்பு அதற்கு உண்டு. விருதுநகரில் 2022-ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியிருக்கின்ற இக்காலத்தில், 'எது கூரியது?' என்பதனோடு 'எது நம்மவர்க்குக் கிட்டுவது?' என்பதும் விஞ்ஞானக் கேள்வியேயாகும்.

விளக்கை மாற்றினால் விலாசம் அதுவாகவே இருக்க, தடங்காட்டி சிகிச்சையாகவும் மாறும். காலியம் நின்ற நிலையில், பீட்டாக் கதிர் வீசும் லூட்டீஷியம்-177 வைத்தால், அம்மூலக்கூறு நோயிடத்தே சென்று புற்றணுவை அழிக்க முயலும். அமெரிக்காவில் இது 2022-இல் ஒப்பம் பெற்றது. மும்பையை அடுத்த டிராம்பேயில் 'துருவா' உலையிலும் லூட்டீஷியம்-177 ஆக்கப்படுகின்றது. முதலில் படத்தால் நோயணு அடையாளம் தாங்கியுளதா என அறிந்து, பின்னரே அச்சிகிச்சை செய்வர்.

முடிவாக

இன்றைய நிலையில், நோய் பரவியுளதா என்று தொடக்கத்தில் அறியவும், மீண்டும் வந்த நோயின் இடத்தைத் தேடவும் பி.எஸ்.எம்.ஏ. வகையே ஏனையவற்றினும் மேம்பட்டதென்பது மேற்கூறியவற்றாற் பெறப்படும். அவ்வகையினுள்ளே எது மேலென்பது கேள்வியையும் இடத்தையும் பொறுத்தது. மூத்திரப்பையருகே தேடுவார்க்கு ஒன்று. எலும்பில் ஐயம் நீக்க விரும்புவார்க்கு மற்றொன்று. சைக்ளோட்ரானுக்குத் தொலைவில் இருப்பார்க்கு வேறொன்று. ஒவ்வொரு தடங்காட்டியும் எதனைக் காட்டும் என்பதோடு, எதனைக் காட்டமாட்டாது, எதனைப் பொய்யாகக் காட்டும் என்பவற்றையும் அறிந்தவனே படத்தைப் படிக்கத் தகுதியுடையவன்.

மாணவ நண்பர்களே! மருந்துக் கலவையின் அளவும் தன்மையும் அறியாமற் கையாளுதல் எத்துணைக் கேடென்பதை நம் மாவட்டத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அந்நிதானத்தையே இவ்வாராய்ச்சியிலும் கைக்கொள்க. இரசாயனமும் பௌதிகமும் கற்போர் இத்துறையிற் புகுவாராயின், நம் பக்கத்து முதியோர் பலர்க்கு அவர்தம் கல்வி நேரே பயன்படும். பழைய மாணவர்களாகிய அன்பர்கள், வீட்டிலுள்ள தந்தையாரும் பாட்டனாரும் சிறுநீர்த் தடை, சிறுநீரில் இரத்தம், ஓயாத முதுகெலும்பு வலி ஆகியவற்றைச் சொல்லக் கூசும்பொழுது, தாமே வினவி மருத்துவரிடம் அழைத்துச் செல்வாராக. எத்துணைச் சிறந்த தடங்காட்டியும், வெளியே சொல்லப்படாத நோயின் இடத்தைக் காட்ட மாட்டாது.